பல்லை எண்ணிப் பார்த்துட்டுத்தான் அடிக்கிறீங்களா?

மேகமலைக்குப் போயிட்டு வந்து போட்டோ போடாதவங்க யாராச்சும் மிச்சம் இருக்கீங்களா மக்களே? இருந்தா கை தூக்குங்க, ஒரு கும்பிடு போட்டுக்கிறேன். சின்னமனூர்ல இருந்து 18 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூவோட பேரு. மேல ஏறினா தேயிலை, நடுவுல அணைத்தண்ணி, தலைக்கு மேல மேகம். போட்டோவுக்குக் கீழ "தமிழ்நாட்டின் சுவிட்சர்லாந்து" அப்படின்னு ஒரு வரி. சுவிட்சர்லாந்துக்காரன் எவனாச்சும் ஆல்ப்ஸ் மலையைப் பார்த்து "ஐரோப்பாவின் பச்சைக் கூமாச்சி"ன்னு எழுதுறானா? எங்க பக்கத்துப் பெரிசுகளுக்கு அந்த மலை பச்சைக் கூமாச்சிதான். சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வச்சுக்கலாம்.

இன்னிக்கு சண்டை வேற. போன வாரம் ஒரு நண்பர்கிட்ட (அவரும் பதிவர்தான், பேர் வேண்டாம்) பேசிக்கிட்டு இருந்தப்ப, "எங்க மலையில ஒரு வௌவால் இருக்கு, அதைப் பத்தி எழுதப் போறேன்"னு சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, "யோவ், புலி இருக்கு, யானை இருக்கு, வரையாடு இருக்கு, வௌவாலுக்கெல்லாம் ஒரு பதிவாய்யா? சனியன், கரன்ட்டு கம்பியில தொங்குறது போதாதா"ன்னார். அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது. நீளமா இருக்கும். டீ ஒண்ணு போட்டுக்கிட்டு வந்து உக்காருங்க.

கதை 1948-ல ஆரம்பிக்குது. அப்ப தேனி மாவட்டம் ஏது, எல்லாம் மதுரை ஜில்லா. மேகமலையை வெள்ளைக்காரங்க ஹைவேவிஸ்னு கூப்பிட்ட காலம். ஆங்கஸ் ஹட்டன்னு ஒரு பிளாண்டர். தோட்ட வேலை போக மிச்ச நேரமெல்லாம் அந்த மலையோட பாம்பு, பாலூட்டின்னு தேடிக் குறிச்சு வச்ச ஆளு. நம்ம மலையில அவர் பிடிச்ச ஒரு குழிவிரியனுக்கு ஹட்டன் பேரையே வச்சிருக்காங்கன்னா பார்த்துக்கங்க. அவர் சேகரிச்சதுல ஒண்ணு, சுமார் 2500 அடி உயரத்துல கிடைச்ச ஒரு பழந்தின்னி வௌவால். உடம்பு நாலு அங்குலம் இருக்கும், உள்ளங்கையில அடங்கிடும். அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போச்சு. அங்க அதைக் குட்டை மூக்குப் பழந்தின்னின்னு முடிவு பண்ணி, சீட்டு எழுதிக் கட்டி, அலமாரியில வச்சுட்டாங்க. குட்டை மூக்குங்கிறது நம்ம ஊர் வாழைத் தோப்புலயும் பனை ஓலைக்கு அடியிலயும் தொங்குற சாதா வௌவால்தான்.

அதுக்கு அப்புறம் ரெண்டு மாமாங்கம் அந்த வௌவால் பொய்ப் பேரோட அலமாரியில கிடந்துச்சு. தாய்லாந்துல இருந்து கிட்டி தோங்லோங்யான்னு ஒரு விலங்கியலாளர் அந்தச் சேகரிப்பைப் பார்க்க வந்தார். இந்த ஒண்ணை எடுத்துப் பார்த்தவருக்கு இடிச்சிருக்கு. குட்டை மூக்குக்குக் குட்டியா ஒரு வால் உண்டு, இதுக்கு வாலே இல்ல. பல்லைப் பார்த்தா பல் வரிசையும் ஒத்துப் போகல. உக்காந்து அளந்து, எண்ணி, 1972-ல அறிவிச்சார்: இது புது இனம் மட்டும் இல்ல, பேரினமே புதுசு. லாட்டிடென்ஸ்னு பேர் வச்சார், அகலப் பல்லன்னு அர்த்தம். இனப் பேருக்குப் பறவை மனிதர் சலீம் அலியோட பேர். பறவைக்காகவே வாழ்ந்த மனுஷன் பேர்ல ஒரு வௌவால்! சலீம் அலி அப்ப உயிரோடதான் இருந்தார். அந்தப் பேரினத்துல இன்னிக்கு வரைக்கும் இந்த ஒரே ஒரு இனம்தான். ஒத்தைப் பிள்ளை.

(இந்த கிட்டி பாவம், 1974-லயே செத்துப் போயிட்டார். உலகத்துலயே ரொம்பச் சின்ன வௌவாலைத் தாய்லாந்துல கண்டுபிடிச்சவரும் அவர்தான். அவர் செத்த வருஷமே அதுக்கு அவர் பேரை வச்சாங்க.)

இப்ப அந்த 1972-ஐக் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கங்க. அதே வருஷம் டெல்லியில இன்னொரு வேலையும் நடந்துச்சு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். நல்ல சட்டம், புலியும் யானையும் இன்னும் மிச்சம் இருக்குன்னா அதுக்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம். அந்தச் சட்டத்துல அஞ்சாவது அட்டவணைன்னு ஒண்ணு இருந்துச்சு. அதுல இருக்கிறதெல்லாம் வெர்மின், அதாவது எவன் வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் அடிச்சுப் போடலாம், கேள்வி கிடையாது. காகம், எலி, சுண்டெலி, அப்புறம் பழந்தின்னி வௌவால். எந்தப் பழந்தின்னி? எல்லாப் பழந்தின்னியும். ஒரே வரி. வகை தொகை எதுவும் கிடையாது.

ஆக, ஒரு பக்கம் விஞ்ஞானி ஒருத்தர் "உலகத்துக்கே புதுசா ஒரு உயிர், உங்க மலையில மட்டும் இருக்கு"ன்னு பேர் வைக்கிறார். அதே வருஷம் இன்னொரு பக்கம் சர்க்கார் அதுக்கும் சேர்த்து மரண உத்தரவு எழுதி வைக்குது. பிறந்த சர்டிபிகேட்டும் தூக்குத் தண்டனையும் ஒரே வருஷத்துல வாங்கின வேற ஜீவன் இருந்தா சொல்லுங்க, பதிவைத் திருத்திக்கிறேன்.

பின்னால தப்பைத் திருத்தினாங்கதான். சலீம் அலி வௌவாலை மட்டும் தனியா எடுத்து முதல் அட்டவணையில வச்சாங்க, புலி யானைக்குச் சமமா. மத்த பழந்தின்னியெல்லாம் பழையபடி வெர்மின். கேட்டா நல்லாத்தான் இருக்கு. ஆனா நடைமுறையை யோசிங்க. ராத்திரி பத்து மணி, காபித் தோட்டத்துல ஒருத்தர் வலையில நாலு வௌவால் மாட்டியிருக்கு. அதுல மூணு வெர்மின், அடிச்சா ஒண்ணும் இல்ல. நாலாவது முதல் அட்டவணை, அடிச்சா ஜெயில். பம்பாய் அருங்காட்சியகத்துல பட்டப்பகல்ல மேசை மேல வச்சுப் பார்த்தவங்களே 24 வருஷம் ஏமாந்து போன வௌவாலை, எங்க ஊர்த் தோட்டக்காரர் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, வாய்க்குள்ள விரலை விட்டுப் பல்லை எண்ணி, "அடடே நீ முதல் அட்டவணையா, போயிட்டு வா ராசா"ன்னு பறக்க விடணுமாம். இதுக்குப் பேர் பாதுகாப்பு!

என்னோட வாதமே இவ்வளவுதான். சாதா வௌவாலைச் சனியன்னு சொல்லிக்கிட்டே அபூர்வ வௌவாலைக் காப்பாத்தவே முடியாது. ரெண்டும் ஒரே மரத்துக்கு ஒரே இருட்டுல வருது.

பெரிய யோக்கியன் மாதிரி பேசறானேன்னு நினைக்காதீங்க. நானும் அடிச்சவன்தான். எங்க மாமாவுக்கு உத்தமபாளையம் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம். கம்பம் பள்ளத்தாக்குல பந்தல் போட்ட தோட்டத்துக்கு உள்ள நடந்திருக்கீங்களா? வெளிய மண்டையைப் பிளக்குற வெயில், உள்ள பச்சை வெளிச்சம், தலையில இடிக்கிற கொத்து. லீவு விட்டா நான் அங்கதான். பழம் கறுத்து வர்ற நேரம் பந்தலைச் சுத்தி மெல்லிசு நைலான் வலை கட்டுவாங்க, மீன் வலை மாதிரி. விடிகாலையில வலையில மாட்டினதைப் பிரிச்சு எடுக்கிற வேலை என்னோடது. எடுத்து என்ன பண்றது? குச்சிதான். எதுக்குன்னு யோசிக்கிற வயசு இல்ல. ஒரு நாள் ஒண்ணு மாட்டியிருந்துச்சு, வயித்தோட ஒட்டி ஒரு குட்டி, கண்ணு திறந்திருந்துச்சு. தாய் செத்துருச்சு, குட்டி இன்னும் பால் காம்பை விடல. மாமாகிட்டக் காட்டினேன். மாமாவும் கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே நின்னார். அப்புறம் "கடாசிட்டு வா மாப்ள, கொத்து அறுக்கணும்"னுட்டுப் போயிட்டார். கடாசிட்டு வந்தேன்.

அது குட்டை மூக்காத்தான் இருந்திருக்கும், சலீம் அலி வௌவால் பதிவானதெல்லாம் மேல, மலையில. ஆனா ஒரு பழந்தின்னித் தாய் பொதுவா ஒரு ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும்னு பல வருஷம் கழிச்சுப் படிச்சப்ப, எனக்கு அந்தக் காலை நேரம்தான் ஞாபகம் வந்துச்சு. எலி மாதிரி வத வதன்னு பெருகுற ஜாதி இல்ல இது. எலியோட சேர்த்து ஒரே பட்டியல்ல வச்சதே முதல் முட்டாள்தனம்.

திராட்சைக்காரங்க கஷ்டம் எனக்குத் தெரியும், அதனால அவங்களை வில்லனாக்கி எழுத மாட்டேன். கொத்துல நாலு பழத்தைக் கடிச்சுட்டா மிச்சப் பழத்துல சாறு ஒழுகி, எறும்பும் குளவியும் ஏறி, கொத்தே வீண். வியாபாரி வந்து பார்த்தான்னா அந்தப் பந்தலுக்கே விலையைக் குறைப்பான். 2023-ல கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது, சந்தோஷம், ஆனா வௌவால் அதைப் படிச்சுட்டு வர்றதில்லையே. நஷ்டம் நஷ்டம்தான். ஆனா அடிச்சுக் கொன்னா நஷ்டம் குறையுதான்னு கேட்டா, இல்ல. நம்மாளுங்க நிறைய இருக்கிற மொரீஷியஸ்ல இதைப் பரீட்சை பண்ணியே பார்த்துட்டாங்க. மாம்பழமும் லிச்சியும் போகுதுன்னு 2015-ல இருந்து சர்க்காரே பெரிய பழந்தின்னிகளை ஆயிரக்கணக்குல சுட்டுத் தள்ளுச்சு. எதிர்பார்த்த மாதிரி விளைச்சல் கூடல. அந்த வௌவால் மட்டும் 2018-ல அழியும் அபாயத்துல இருக்கிற பட்டியலுக்கு ஏறிடுச்சு. கொன்னதுதான் மிச்சம்.

வலை கட்ட வேண்டாம்னு சொல்லல. மெல்லிசு நைலான் வலையை விட்டுட்டு, சுண்டு விரல் கூட நுழையாத சின்னக் கண்ணி வலையை, கெட்டியான நூல்ல, விறைப்பா இழுத்துக் கட்டணும். தொள தொளன்னு தொங்கினாத்தான் இறக்கை சிக்கும். விறைப்பா இருந்தா மோதிட்டுத் திரும்பிடும். பழமும் பிழைக்கும், வௌவாலும் பிழைக்கும். காசு அதிகம் ஆகும். அந்தக் காசைக் கொடுக்க வேண்டியது தோட்டக்காரர் இல்ல. சொட்டுநீருக்கு மானியம் கொடுக்கத் தெரிஞ்ச சர்க்காருக்கு வலைக்கும் கொடுக்கத் தெரியணும்.

அடுத்தது, வௌவால் என்னத்தக் கிழிக்குதுன்னு கேக்குறவங்களுக்கு. உங்க வீட்டுத் தலையணையைக் கிழிச்சுப் பாருங்க, உள்ள இருக்கு பதில் :-) இலவம் பஞ்சு. போடி, வருசநாடு, கடமலைக்குண்டு பக்கத்துல இலவ மரம் எத்தனை குடும்பத்துக்குச் சோறு போடுதுன்னு அந்தப் பக்கத்து ஆளைக் கேளுங்க. இலவம் பூ விரியறது ராத்திரியில. ராத்திரி தேன் சுரக்குற பூவுக்குப் பகல்ல வர்ற தேனீயை நம்பி என்ன பிரயோஜனம்? மூஞ்சி பூரா மகரந்தத்தை அப்பிக்கிட்டு மரத்துக்கு மரம் போறது பழந்தின்னி வௌவால்தான். திராட்சைத் தோட்டத்துல திருடன்னு அடிவாங்குற அதே ஆளு, ரெண்டு மலை தள்ளி இன்னொருத்தர் தோட்டத்துல சம்பளம் இல்லாத கூலிக்காரன். இலுப்பைக்கும் இதே கதைதான், பூவைத் தின்னு, பழத்தைத் தூக்கிட்டுப் போய் எங்கயோ கொட்டையைப் போட்டு, மரத்தைப் பரப்புது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல இதையெல்லாம் ராத்திரி முழுக்க மரத்தடியில உக்காந்து எண்ணியிருக்காங்க. வௌவால் ஆராய்ச்சிக்கு உலக அளவுல பேர் வாங்கின இடம் நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்கு, நமக்குத்தான் தெரியாது.

மலை மேல நம்ம சலீம் அலி வௌவால் என்ன பண்ணுதுன்னா, காட்டு அத்தி வகை, உத்திராட்சக் குடும்பத்து மரங்களோட பழம், இப்படி தின்னுட்டு விதைக்குது. பறவை எச்சம் பெரும்பாலும் அது உக்காந்த மரத்தடியிலயே விழும். வௌவால் பறந்துக்கிட்டே போடும். வெட்டவெளியிலயும் போடும். மரம் இல்லாத இடத்துல மரம் வர்றதுக்கு அதுதான் வழி. அந்த மரம் இருந்தாத்தான் மலை தண்ணியைப் பிடிச்சு வைக்கும், சுருளியில கொட்டும், வைகையில ஓடும். "வைகையில தண்ணி இல்ல"ன்னு மதுரையில உக்காந்து அழுகுற பதிவர்கள் இந்த இடத்தை மறுபடி ஒரு தடவை படிக்கவும்.

"அதெல்லாம் சரி, நோய் பரப்புமே"ன்னு ஒரு கோஷ்டி வரும். வாங்க. 2018-ல கோழிக்கோட்டுல நிபா வந்தப்பவும், 2020-ல கொரோனா வந்தப்பவும் எத்தனை வாட்ஸப் வந்துச்சு. ஊர்ல இருக்கிற ஆலமரத்தை வெட்டுங்க, வௌவாலை விரட்டுங்கன்னு கிளம்பினாங்க. நிபா வைரஸ் பெரிய பழந்தின்னிகிட்ட இருக்கறது உண்மை, மறைக்க ஒண்ணும் இல்ல. அதனாலதான் கடிச்ச பழத்தைத் தின்னாதீங்க, வெறுங்கையால தொடாதீங்கன்னு டாக்டருங்க சொன்னாங்க. இப்ப யோசிங்க, அடிச்சு, ரத்தம் பார்த்து, உரிச்சு, குழம்பு வைக்கிறவனுக்கு ஆபத்தா, கிளையில தொங்க விட்டுட்டு ஒதுங்கிப் போறவனுக்கு ஆபத்தா? கூட்டத்தைக் கலைச்சு விட்டா அது மாயமாயிடாது, இன்னும் நாலு ஊருக்குப் பிரிஞ்சு போகும். நோய்க்குப் பயந்தவன் பண்ற காரியமா அது?

குழம்புன்னதும் ஞாபகம் வருது. "இளைப்புக்கு வௌவால் கறி நல்லது"ன்னு ஒரு வைத்தியம் நம்ம பக்கத்துல இன்னும் சாகல. ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் வந்து எத்தனை காலம் ஆச்சு! சலீம் அலி வௌவாலுக்கு இருக்கிற ஆபத்துகள்ல இந்த மருந்து வேட்டையும் ஒண்ணுன்னு ஆராய்ச்சியாளர்கள் எழுதி வச்சிருக்காங்க. மொத்தமே மேற்குத் தொடர்ச்சி மலையோட தென்கோடியில மட்டும் இருக்கிற ஜீவன். 1948-ல ஹட்டன் பிடிச்சதுக்கு அப்புறம் 45 வருஷம் கழிச்சு 1993-லதான் உயிரோட மறுபடி பார்த்தாங்க, இங்கிலாந்துல ஹாரிசன் விலங்கியல் அருங்காட்சியகத்துக்காரங்க வந்து தேடி. அதுவரைக்கும் உலகத்துக்கு அது ஒரு அலமாரி, ஒரு சீட்டு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தோட பட்டியல்ல இன்னிக்கும் அழியும் அபாயத்துல இருக்கிற இனம். அதைக் குழம்புல போட்டா இளைப்பு நிக்குமாம். நிக்கும், வௌவாலோட மூச்சு.

கடைசியா, ரொம்பப் படிச்சவங்க சொல்ற ஒண்ணு. "2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் வந்துடுச்சே, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல, தமிழ்நாட்டோட அஞ்சாவது காப்பகம். புலியைக் காப்பாத்தினா குடைக்குக் கீழ எல்லாம் தானா பிழைச்சுக்கும்." காப்பகம் வந்ததுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா குடை எங்க பிடிக்குதோ அங்கதான் நனையாம இருக்கும். இந்த வௌவாலை முதல்ல பிடிச்சது காபித் தோட்டப் பக்கம். அதுக்கு அப்புறமும் காபி, ஏலத்தோட்டங்களை ஒட்டியே பார்த்திருக்காங்க. ஏன்னா அந்தத் தோட்டங்கள்ல பழைய காட்டு மரங்களை நிழலுக்கு விட்டு வச்சிருக்காங்க, அத்தி, இத்தி எல்லாம். புலிக்குக் கோடு போட்டுக் காட்டைக் காட்டிடலாம். வௌவால் ராத்திரியில கோட்டைத் தாண்டிப் போய் பட்டா நிலத்துல சாப்பிட்டுட்டு விடியறதுக்குள்ள திரும்புது. அந்தப் பட்டா நிலத்துல அத்தி மரத்தைச் சாய்ச்சுட்டு சில்வர் ஓக் நட்டா எந்தக் காப்பகத்துக்கும் அது தெரியாது. போட்டோவுல அப்பவும் பச்சையாத்தான் இருக்கும், நீங்க லைக் போடுவீங்க.

சில்வர் ஓக் ஆஸ்திரேலியா மரம். வேகமா வளரும், மிளகுக் கொடி ஏத்தலாம், வெட்டினா காசு. பழம்? ஒரு பழந்தின்னி தின்ன ஒண்ணும் கிடையாது. தேயிலைத் தோட்டத்துல வரிசையா நிக்குதே அதுதான். அதைப் பார்த்துட்டு "இயற்கை எழில்"னு எழுதாதீங்கய்யா, வயிறு எரியுது. தோட்டக்காரர்னா எல்லாரும் பெரிய கம்பெனி இல்ல, ரெண்டு ஏக்கர் ஏலம் வச்சிருக்கிறவரும் உண்டு. அவர்கிட்டப் போய் "அத்தியை வெட்டாதே, சட்டம்"னு மிரட்டினா நாளைக்கு ராத்திரியே வெட்டிடுவார், பிரச்சினையே வேண்டாம்னு. "இந்த மரத்தை நிக்க விட்டதுக்கு இந்தா"ன்னு வருஷா வருஷம் ஏதாச்சும் கைக்கு வந்தா விட்டு வைப்பார். வனத்துறை, நறுமணப் பொருள் வாரியம், காபி வாரியம் எல்லாம் ஒரே மேசையில உக்காரணும் இதுக்கு. யானை தாண்டுற பாதைக்கு உக்காருறாங்க, அத்தி மரத்துக்கு உக்கார மாட்டாங்களா?

சட்டத்துல ஒரு நல்லது நடந்திருக்கு, அதையும் சொல்லிடணும். 2022-ல பழைய சட்டத்தைத் திருத்தினாங்க, 2023 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறை. அந்த அஞ்சாவது அட்டவணையே போயிடுச்சு. ஏப்ரல் ஒண்ணாந்தேதிங்கிறதால நான் ரெண்டு தடவை படிச்சேன். ஐம்பது வருஷம் கழிச்சு வௌவால் தலைக்கு மேல இருந்த உத்தரவு கிழிஞ்சுது. ஆனா ரெண்டாவது அட்டவணையில இருக்கிற எந்த உயிரையும், எந்த ஏரியாவுலயும், இவ்வளவு காலத்துக்குன்னு வெர்மினா அறிவிக்கிற அதிகாரத்தை மத்திய சர்க்கார் கையிலயே வச்சுக்கிட்டிருக்கு, 62-ஆம் பிரிவு. அட்டவணை போச்சு, பேனா இருக்கு. இதுல இன்னொண்ணு, எங்க ஊர்ல பத்துப் பேரைக் கேட்டா பத்துப் பேரும் வௌவால் அடிக்கலாம்னுதான் சொல்வாங்க. சட்டம் மாறினதை யார் போய்ச் சொன்னா? சந்தையில தண்டோரா போடுற அளவுக்கு வௌவால் ஒண்ணும் ஓட்டுப் போடறதில்லையே.

ஸ்ரீவில்லிபுத்தூர்ல சாம்பல் நிற அணிலுக்குன்னே 1988-ல சரணாலயம் வந்துச்சு. அணில்னா நமக்குப் பிடிக்கும், ராமர் தடவின முதுகு. வௌவாலைத் தடவ யாரும் இல்ல. பழமொழியில கூட "வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தா நீயும் தொங்கு நானும் தொங்குறேன்"னு கஞ்சத்தனத்துக்குத்தான் இழுக்குறோம். நியூசிலாந்துல பாருங்க, 2021-ல "இந்த ஆண்டின் பறவை"ன்னு மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது ஒரு வௌவாலை! பறவையே இல்ல, ஆனாலும் ஜெயிக்க வச்சாங்க. அவங்க மண்ணோட சொந்த நிலத்துப் பாலூட்டியே வௌவால் மட்டும்தான், அதனால அருமை தெரியுது. நம்மகிட்ட யானை புலின்னு நிறைய இருக்கு, அதான் கொழுப்பு.

மேகமலை போறவங்க இந்தத் தடவை சாயங்காலம் ஆறு மணிக்கு வ்யூ பாயிண்ட்ல நின்னு செல்ஃபி எடுத்துட்டு இறங்கிடாதீங்க. பழுத்த அத்தி மரம் ஒண்ணு ரோட்டோரம் இருந்தா வண்டியை ஓரம் கட்டி, லைட்டை அணைச்சுட்டு, அரை மணி நேரம் சும்மா நில்லுங்க. யானை நடமாட்டம் இருக்கான்னு விசாரிச்சுட்டு நில்லுங்க, அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. இலை அசையும், பழத்தோல் ஒண்ணு ரெண்டு தோள்ல விழும். எந்த வௌவால்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஹட்டனுக்கே தெரியலையே.

டிஸ்கி: மலையில ஒரு குகையில இது பகல்ல தங்குதுன்னு 2003-ல மதுரைக்காரங்க கண்டுபிடிச்சு எழுதினாங்க. அந்தக் குகை எங்க இருக்கு, எப்படிப் போகணும், டிரோன் பறக்க விடலாமான்னு கேட்டு யாரும் பின்னூட்டம் போடாதீங்க. அனுமதிக்க மாட்டேன்.